மூடியைத் திருகாதே

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எடுக்கிற பாடம்தான் பெயர். அவளை எல்லோரும் 'கெமிஸ்ட்ரி அக்கா' என்றார்கள். வகுப்பிலேயே மூத்தவள் அவள்தான். இரண்டு மகள்களையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கணவனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு, அதே கையோடு தானும் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி வருகிறவள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு சாயத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். குழந்தைகள் வளர்ந்தபிறகு, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருந்தாள்.

'கணக்கு' என்றழைக்கப்பட்டவன் அவளைவிட ரொம்பச் சின்னவன். கணக்கில் புலிதான். ஆனால் ஒரு வகுப்பே திரும்பித் தன்னைப் பார்த்தால் புலி பூனையாகிவிடும். கை உதறும். கரும்பலகையில் சாக்பீஸ் தந்தியடிக்கும். "என்னைப் பாக்காதீங்க, போர்டைப் பாருங்க" என்பதுதான் எந்த வகுப்பிலும் அவன் முதலில் சொல்வது. பிள்ளைகள் சிரிப்பார்கள். அவனுக்கு வியர்த்துக் கொட்டும். ஒவ்வொரு நாள் காலையிலும் பள்ளிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டுத்தான் வகுப்புக்குள் நுழைவான்.

கற்பித்தல் பயிற்சிக்காகக் கல்லூரி அந்த இருவரையும் ஒரே கிராமத்து உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பியது. அங்கிருந்த அறிவியல் ஆசிரியர் மாற்றலாகிப் போய்ப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. புவியியல் படித்த தலைமையாசிரியரே அறிவியலையும் கணக்கையும் இழுத்துப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தார்.

முதல் நாள் பத்தாம் வகுப்பில் அவள் கேட்டாள்: "அமிலத்துல நீல லிட்மஸ் என்ன ஆகும்?"

"சிவப்பாக மாறும்!" என்று வகுப்பே ஒரே குரலில் கத்தியது. கூரை அதிர்ந்தது.

"யாராவது பாத்திருக்கீங்களா?"

கடைசி வரிசையில் ஒரு பெண் தயங்கித் தயங்கி எழுந்து, "லிட்மஸ்னா தண்ணி மாதிரி இருக்குமா டீச்சர், இல்ல பொடியா?" என்றாள்.

கெமிஸ்ட்ரி அக்காவுக்கு நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே தலைமையாசிரியரிடம் போய் ஆய்வகத்தைத் திறந்துவிடச் சொன்னாள்.

"அந்த ரூமா?" தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பூட்டினது பூட்டினபடியே கிடக்கும்மா. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டின்னு ஆயிடப்போகுது. உள்ள பாம்பு இருந்தாலும் இருக்கும்."

"திங்கக்கிழமை காலேஜ்ல இருந்து மேடம் வராங்க சார், என் வகுப்பைப் பாக்க. ஒரு சோதனையாவது செஞ்சு காட்டாம எப்படி சார்?"

அந்த மேடத்துக்குப் பயிற்சி மாணவர்கள் வைத்திருந்த பெயர் 'சிவப்பு மை'. அவர் கைபட்ட பாடக்குறிப்பில் எழுதினவருடைய நீல எழுத்து தெரியாது. மேடத்தின் பெயரைச் சொன்னதும் தலைமையாசிரியரும் இறங்கி வந்தார். சாவியை எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை முதல் மணி அடித்ததும் கெமிஸ்ட்ரி அக்காவும் கணக்கும் துடைப்பமும் பழைய துணியுமாக ஆய்வகத்துக்குள் போனார்கள். கதவைத் தள்ளியதும் அடைபட்ட காற்று முகத்தில் அடித்தது. கெட்டுப்போன மருந்தும் எலிப் புழுக்கையும் கலந்த வாடை. நடுவில் நீளமான ஒரு மேஜை. சுவரோரம் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. ஜன்னலின் ஒரு பலகை கொக்கி இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் ஒன்பதாம் வகுப்பு. இடையில் இருந்தது சுவர்கூட இல்லை, பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் பிள்ளைகள் செய்யுள் ஒப்பிப்பது காதருகில் கேட்டது.

அவள் அலமாரியின் கீழ்த்தட்டில் சோதனைக்குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கணக்கு மேல்தட்டிலிருந்து புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து லேபிளைப் படித்து, மேஜைமேல் வரிசையாக வைத்துக்கொண்டு வந்தான். அங்கே அவனைப் பார்க்க யாரும் இல்லை. அதனால் கையும் நடுங்கவில்லை, வாயும் ஓயவில்லை.

"இது சுண்ணாம்புத் தண்ணி... அதாவது ஒரு காலத்துல. இப்ப வெறும் சுண்ணாம்பு. அக்கா, இதுல லேபிளையே பூச்சி தின்னுருச்சு. நல்ல படிப்பாளிப் பூச்சி." குலுக்குகிற சத்தம் கேட்டது. "உள்ள என்னமோ கல்லு மாதிரி கெட்டியாக் கிடக்குக்கா. மஞ்சளா இருக்கு. கையெல்லாம் மஞ்சள் ஒட்டுது. மூடி வேற இறுகிக் கிடக்கு. இருங்க, திருகிப் பாக்கறேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

பழுப்புக் கண்ணாடிப் புட்டி. மூடியைச் சுற்றி உப்புப் பூத்ததுபோல் மஞ்சள் படிகங்கள். லேபிளில் பூச்சி விட்டுவைத்திருந்த எழுத்துகளை அவள் படித்தாள். பிக்ரிக். அடுத்ததைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. சாயத் தொழிற்சாலையின் ஆய்வகச் சுவரில் ஒட்டியிருந்த எச்சரிக்கைப் படம் கண்முன்னால் வந்தது. பிக்ரிக் அமிலம். ஈரம் இருக்கிறவரை சாது. காய்ந்தால் வெடிமருந்து. மூடியின் திருகுமரையில் மாட்டியிருக்கும் படிகம் ஒன்று உராய்ந்தால் போதும்.

கணக்கின் இடது கை புட்டியைப் பிடித்திருந்தது. வலது கை மூடிமேல் இருந்தது.

அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. கத்தினால் அவன் பயப்படுவான். பயந்தால் கை உதறும். உதறினால்? பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் அடுத்த செய்யுளுக்குப் போயிருந்தார்கள்.

"தம்பி" என்றாள். குரல் தன்னுடையது போலவே இல்லை. "மூடியை விட்டுடு. அதைத் திறக்க வேணாம்."

"ஏன்க்கா?"

"நாறும். அவ்ளோதான். வாடை தாங்காது."

"ஏற்கனவே இங்க மணக்கவா செய்யுது?" அவன் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. "அக்கா... ஏன் இப்படிப் பாக்கறீங்க?"

அவன் கை நடுங்க ஆரம்பிப்பதை அவள் பார்த்தாள். புட்டிக்குள் கட்டி கண்ணாடியில் இடித்து டிக் டிக்கென்றது. அந்தச் சின்னச் சத்தம் அவள் பற்களுக்குள் கேட்டது.

அவனை யாராவது பார்த்தால்தானே நடுக்கம்? அவள் திரும்பிக்கொண்டாள். வெடித்துவிடுமோ என்று பயப்படுகிற பொருளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அலமாரியைப் பார்த்தபடி நின்றாள். முதுகுத்தோல் முழுவதும் கண்ணாகிவிட்டது போலிருந்தது.

"நான் உன்னைப் பாக்கல தம்பி. இந்தச் சோதனைக்குழாயை எண்ணிட்டிருக்கேன். நீ ஒண்ணு சொல்லு. நேத்து எனக்கு ஒரு கணக்குச் சொல்லிக்கொடுத்தியே, வட்டத்துக்குள்ள முக்கோணம். பாதியில விட்டுட்டோம். அது எங்க நின்னுச்சு?"

"இப்பவாக்கா?"

"இப்பதான். சொல்லிக்கிட்டே அதை மெதுவா மேஜையில வை. துணி மடிச்சுக் கிடக்குல்ல, அதுமேல. தட்டக்கூடாது. தூங்கற குழந்தையைப் படுக்க வைக்கற மாதிரி."

பிறகு அவன் குரல் வந்தது, காய்ந்துபோய். "விட்டம்தான் அடிப்பக்கம்... அதனால எதிர்க்கோணம் செங்கோணம்..." அவள் ஒரு வார்த்தையும் வாங்கிக்கொள்ளவில்லை. தன் மகள்களின் முகத்தை வரவழைக்கப் பார்த்தாள். வரவில்லை. காலையில் சின்னவளுக்குப் பின்னல் போட நேரமில்லாமல் அப்படியே அனுப்பியதுதான் நினைவுக்கு வந்தது. "...ரெண்டு பக்கமும் சமம்னா மத்த கோணங்களும் சமம்..."

துணிமேல் கண்ணாடி படிகிற மெல்லிய சத்தம்.

"வெச்சுட்டேன்க்கா."

அவள் அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். வராந்தாவில்தான் உண்மையைச் சொன்னாள். அவன் தன் மஞ்சள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"காதுகிட்ட வெச்சு குலுக்கினேன்க்கா."

"எழுந்திரு. அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. பிள்ளைங்களை வெளிய அனுப்பணும். ஓடவும் கூடாது, பயமுறுத்தவும் கூடாது. நீ போய் ஒன்பதாங்கிளாஸ்ல சொல்லு. நான் சாரைப் பாக்கறேன்."

அவன் ஒன்பதாம் வகுப்பு வாசலில் போய் நின்றான். எல்லாக் கண்களும் திரும்பின. வாயைத் திறந்து திறந்து மூடினான். ஒரு சொல் வரவில்லை. பிறகு சட்டென்று திரும்பிப்போய், மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடிக்க ஆரம்பித்தான். நீளமாக, நிறுத்தாமல். பள்ளி விடுகிற மணி.

காலை முதல் பாடவேளையிலேயே வீட்டு மணி அடித்தால் எந்தப் பிள்ளை காரணம் கேட்டுக்கொண்டு நிற்கும்? கூச்சலும் கும்மாளமுமாகப் பள்ளி முழுவதும் வாசல் வழியாக வெளியே கொட்டியது. ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதற்குள் வகுப்புகள் காலியாகிவிட்டன.

"யாரு மணியடிச்சது?" தலைமையாசிரியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். அவள் சொன்னாள். அவர் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது.

"இத்தனை வருஷமா கிடக்குதும்மா. வெடிக்கறதா இருந்தா எப்பவோ வெடிச்சிருக்கும்."

"இத்தனை வருஷமா யாரும் தொடல சார். இன்னைக்குத் தொட்டுட்டோம்."

"போலீஸ்னு மட்டும் வாயெடுக்காதீங்க. பின்னால பாழுங்கெணறு இருக்கு. நான் எடுத்துட்டுப் போய்ப் போட்டுட்டு வந்துடறேன். யாருக்கும் தெரிய வேணாம்." துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ஆய்வகத்தைப் பார்த்து நடந்தார்.

அவள் குறுக்கே ஓடிப்போய் வாசலில் கையை விரித்து நின்றாள்.

"வழியை விடும்மா! உனக்குப் புரியல. போலீஸ் வந்தா நாளைக்குப் பெத்தவங்க பிள்ளைங்களை அனுப்ப மாட்டாங்க. எண்ணிக்கை கொறைஞ்சா டவுன் பள்ளிக்கூடத்தோட சேத்துடுவாங்க. பசங்க எப்படியாவது போயிடுவானுங்க. பொண்ணுங்களை யாரு அவ்ளோ தூரம் அனுப்புவாங்க? அடுப்படியில உக்கார வெச்சுடுவாங்க." அவர் கண் கலங்கியிருந்தது. "வெடிமருந்தைவிட எனக்கு அதுதாம்மா பயம்."

அவர் சொன்னது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் இன்னும் பயமாக இருந்தது. லிட்மஸ் பொடியா என்று கேட்ட பெண்ணின் முகம் வந்து போனது.

"எனக்கும் ரெண்டு பொண்ணுங்க சார்" என்றாள். "நீங்க உள்ள போனா நான் வெளிய நிக்க முடியாது. கூட வரணும். வாங்க, போலாமா?"

அவர் அவளைப் பார்த்தார். துண்டை மெதுவாகக் கையிலிருந்து அவிழ்த்தார். போனை எடுத்து அவளிடமே நீட்டினார். "நீயே பேசும்மா. எனக்குக் குரல் வராது."

டவுனிலிருந்து ஆட்கள் வர மதியம் ஆகிவிட்டது. அதுவரை மூவரும் மைதானத்தின் மறுகோடியில், இடுப்புயரச் சுற்றுச்சுவருக்கு வெளியே, வெயிலில் நின்றார்கள். வேறு யாரும் உள்ளே போய்விடாமல் மற்ற ஆசிரியர்கள் வாசலைக் காத்தார்கள். காற்று எழுந்தது. அப்போதுதான் அவளுக்கு அந்த ஜன்னல் பலகை நினைவுக்கு வந்தது. கொக்கி இல்லாத பலகை. படாரென்று அடித்தது. மூவரும் ஒருசேரக் குனிந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அடித்தது.

"மேஜையில எந்தப் பக்கம் வெச்ச?" என்று அவள் கேட்டாள்.

"ஜன்னல் பக்கம்" என்றான் கணக்கு.

மூவரும் பலகை காற்றில் மெல்லத் திறப்பதையும், திறந்த இடத்திலேயே யோசிப்பதுபோல் நிற்பதையும், பிறகு திரும்பி வருவதையும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கண்ணை மூடினால் எப்போது அடிக்கும் என்று தெரியாது. திறந்து வைத்தால் அது வருவது தெரியும். எது மேல் என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

வெடிகுண்டுப் பிரிவின் அதிகாரி கனத்த உடம்புக்காரர். அதிர்ந்து பேசாதவர். ஜன்னல் வழியாகத் தூரக்கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்து, "யார் கையில எடுத்தது?" என்றார்.

கணக்கு வகுப்பில் பதில் சொல்லும் பிள்ளைபோல் கையைத் தூக்கினான்.

"குலுக்கினீங்களா?"

"ஆமா சார்."

"மூடியை?"

"திருகப் பாத்தேன். அக்கா வேணாம்னாங்க."

அதிகாரி தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். அவர் ஏதாவது திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

பஞ்சு மெத்தைபோல் உடுப்பு மாட்டிய ஒருவர் உள்ளே போனார். வெகுநேரம் கழித்து மணல் வாளியைச் சுமந்துகொண்டு, வழுக்குப் பாறையில் நடப்பவரைப்போல் அடிமேல் அடி வைத்து வெளியே வந்தார். பள்ளிக்கு அப்பால் இருந்த வறண்ட குளத்துக்குள் குழி தோண்டி இறக்கினார்கள். எல்லோரையும் குப்புறப் படுக்கச் சொன்னார்கள்.

சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் வயிற்றில் கேட்டது. தரை ஒருமுறை தூக்கிப் போட்டது. பள்ளியின் ஜன்னல் கண்ணாடிகள் சலசலவென்று உதிர்ந்தன. மண் மழையாக முதுகில் விழுந்தது. அவள் தலையைத் தூக்கியபோது தலைமையாசிரியர் இன்னும் முகத்தைப் புழுதியில் புதைத்துக்கொண்டு கிடந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"ஒன்பதாங்கிளாஸ்" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அவள் கணவன் முழுக்கதையையும் கேட்டான். கேட்டுவிட்டு, "போதும் தாயே. இந்த வேலையும் வேணாம், இந்தப் படிப்பும் வேணாம்" என்றான். அவளும் தலையாட்டினாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் எந்த டப்பாவின் மூடியையும் அவளால் திறக்க முடியவில்லை. பெரிய மகள்தான் திறந்துகொடுத்தாள். ஆனால் திங்கட்கிழமை காலை பஸ் நேரமானதும் அவள் கால்கள் தாமாகச் செருப்பைத் தேடின. கணவன் பார்த்துக்கொண்டே நின்றான். "எதையும் தொடமாட்டேல்ல?" என்று மட்டும் கேட்டான்.

தலைமையாசிரியர் பயந்ததில் பாதி நடந்திருந்தது. பத்தாம் வகுப்பில் பாதிப் பெஞ்சுகள் காலி. ஆய்வகக் கதவில் போலீஸ் முத்திரை. கடைசி வரிசையில் மேடம் மடியில் பாடக்குறிப்பு ஏடும் கையில் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். அவள் அமிலமும் காரமும் என்று பலகையில் எழுதினாள். அதற்குமேல் ஓடவில்லை.

லிட்மஸ் கேட்ட அதே பெண் எழுந்தாள். "டீச்சர், அதுவும் அமிலம்தானே? எலுமிச்சம்பழத்துலயும் அமிலம்னு சொன்னீங்க. அது வெடிக்கல. இது ஏன் வெடிச்சுது?"

கெமிஸ்ட்ரி அக்கா கடைசி வரிசையில் இருந்த மேடத்தைப் பார்த்தாள். பிறகு பலகையை அழித்தாள். மணி அடிக்கிறவரை அதற்குத்தான் பதில் சொன்னாள். அதுவும் அமிலம்தான் என்றாலும் உள்ளே அணுக்கள் எப்படி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன, தண்ணீர் படிகங்களுக்கு நடுவில் நின்று எப்படி விலக்கிவிடுகிறது, தண்ணீர் போனால் என்ன ஆகும். பிள்ளைகள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். ஒரு பையன், "உங்களுக்குப் பயமா இல்லையா டீச்சர்?" என்றான். "இப்பவும் பயமாத்தான் இருக்கு" என்று கையை நீட்டிக் காட்டினாள். சாக்பீஸ் ஆடிக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

ஆசிரியர் அறையில் மேடம் ஏட்டை மூடினார். "பாடத்திட்டத்தை விட்டு முழுசா வெளிய போயிட்டீங்க. மார்க் குறைச்சுத்தான் போட்டிருக்கேன்."

"சரிங்க மேடம்."

மேடம் எழுந்துகொள்ளவில்லை. பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். "அந்தப் புட்டிக்கு மூடி என்ன மூடி? பிளாஸ்டிக்கா?"

"ஆமா மேடம்."

"தகரமா இருந்தா?"

"இன்னும் மோசம். உலோகத்தோட சேர்ந்தா தொட்டாலே போதும்." அவள் மேடத்தின் கையில் இருந்த பேனா மூடியைப் பார்த்தாள். "ஏன் மேடம் கேக்கறீங்க?"

"நம்ம காலேஜ் ஸ்டோர் ரூம்ல, மேல்தட்டுல ஒண்ணு இருக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் பாத்தது. மஞ்சளா இருந்துச்சு."

ஸ்டோர் ரூமுக்கு அடுத்தது பெண்கள் விடுதியின் சாப்பாட்டு அறை. அது இருவருக்கும் தெரியும். மேடம் போனில் எண்களைத் தப்புத் தப்பாக அழுத்தினார். ஒருவழியாக அலுவலகத்தில் யாரோ எடுத்தார்கள். மேடம் கேட்டார். பதிலைக் கேட்டதும் போன் அவர் கையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது.

"ரெண்டு நாளா வெள்ளையடிக்கறாங்களாம். இன்னைக்கு ஸ்டோர் ரூமாம்."

அவள் போனை எடுத்தாள். "வெள்ளையடிக்கறவர்கிட்ட போனைக் குடுங்க. கூப்பிட வேணாம், கத்த வேணாம். நடந்து போய்க் குடுங்க." நடக்கிற செருப்புச் சத்தம் போனில் வந்துகொண்டே இருந்தது. கதவு திறந்தது. ஒரு ஆணின் குரல், "யாரும்மா?" என்றது.

"அண்ணே, கையில என்ன வெச்சிருக்கீங்க?"

"பிரஷ்ஷும்மா."

"அலமாரியைத் தொட்டீங்களா?"

"இனிமேதான் நகத்தணும். கனமா இருக்கு. ஆளு ஒருத்தன் வரட்டும்னு நிக்கறேன்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அண்ணே, பிரஷ்ஷைக் கீழ வெச்சுட்டு, மெதுவா வெளிய வந்துடுங்க. கதவைச் சாத்த வேணாம். அப்படியே விட்டுட்டு வாங்க."

"ஏம்மா, பாம்பா?"

"ஆமாண்ணே" என்றாள்.

அவர் வெளியே வந்தார். விடுதியைக் காலி செய்தார்கள். அந்தக் கனத்த அதிகாரி மறுபடியும் தொப்பியைக் கழற்ற வேண்டி வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிராமத்துப் பள்ளிக்குப் பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். தலைமையாசிரியர் வீடு வீடாகப் போய் அழைத்து வந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டாள். எல்லோரும் வரவில்லை. கணக்கின் விரல்களில் மஞ்சள் கறை வெகுநாள் போகவில்லை. வகுப்பில் பிள்ளைகள் அவன் முகத்தை விட்டுவிட்டு விரல்களைப் பார்த்ததால், அவனுக்குப் பேச்சு கொஞ்சம் சுலபமாக வந்தது.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை மதியம், பின்னால் நடந்த இதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. மேடமும் அவளும் டவுனுக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் மேடம் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேற எந்தெந்த ஸ்கூலுக்கு நம்ம காலேஜ் பிள்ளைங்களைப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கோம்?" என்று அவள் கேட்டாள்.

மேடம் ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டே வந்தார். பட்டியல் முடியவே இல்லை.